நூற்று நாற்பத்தேழாம் எண், நலம்

அந்த மருத்துவமனையில் சிறுநீரகத்தை வெளியே எடுப்பதற்கு ஒரு மாடி முழுவதும் இருந்தது. எடுத்த பிறகு ஆள் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதற்கு ஓர் அறை இருந்தது. அறை என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். முன்பு அது படுக்கை விரிப்புகளையும் உடைந்த சக்கர நாற்காலிகளையும் போட்டுவைக்கிற இடம். விரிப்புகளை வேறெங்கோ கொண்டுபோன பிறகு ஒரு மேசை, ஒரு ஃபோன், ஒரு கம்ப்யூட்டர், கூடவே ஒரு மனுஷி என்று உள்ளே வைத்து, கதவில் 'தொடர் கவனிப்புப் பிரிவு' என்று பலகை மாட்டிவிட்டார்கள். உடைந்த சக்கர நாற்காலிகளில் ஒன்று மட்டும் போக மனமில்லாமல் மூலையில் நின்றது. யாராவது வந்தால் உட்கார அதுதான் ஆசனம். யாரும் வருவதில்லை.

அந்த மனுஷிக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் நலமக்கா. எட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. சிறுநீரகம் எடுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஃபோன் போட்டு, "ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். பதிலுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். கட்டங்கள் மொத்தம் மூன்று: நலம், தொடர்பில் இல்லை, காலமானார்.

'நலமில்லை' என்று ஒரு கட்டம் கிடையாது. நலமில்லாதவர்களுக்குத் தனியாக ஒரு படிவம் உண்டு. பதினோரு பக்கம், மூன்று டாக்டர்களின் கையெழுத்து, இரண்டு பிரதிகள். அந்தப் படிவங்கள் கட்டாக வந்து இறங்கிய நாளிலிருந்து கயிறு அவிழ்க்கப்படவே இல்லை. கம்ப்யூட்டர் திரை தாழ்வாக இருந்து கழுத்து வலிக்கிறது என்று நலமக்கா அந்தக் கட்டைத் திரைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தாள். எட்டு வருஷத்தில் அந்தப் படிவங்களால் குணமானது அவள் கழுத்து ஒன்றுதான்.

அவள் பட்டியலில் இரண்டு ஜாதி மனிதர்கள். புற்றுக்கட்டி வந்து ஒரு சிறுநீரகத்தை இழந்தவர்கள் ஒரு ரகம். அவர்களுக்கு இவள் ஃபோன் போட வேண்டியதே இல்லை, அவர்களே போடுவார்கள். ஒரு தையல்காரர், அறுவை முடிந்து ஏழு வருஷமாகியும், வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு, "அம்மா, என் ஃபைல்ல புதுசா ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்பார். "நீங்க நல்லா இருக்கீங்களான்னு நான்தான் உங்களைக் கேக்கணும்" என்பாள் இவள். "நான் நல்லாத்தான் இருக்கேன், ஃபைல் எப்படி இருக்கு?" என்பார் அவர். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், அதற்கு ஒரு அறிக்கை, அறிக்கை வைக்க ஒரு ஃபைல், ஃபைலைப் பார்க்க ஒரு டாக்டர் என்று அவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

இன்னொரு ரகம், ஒரு நோயும் இல்லாமல் இருக்கும்போதே புருஷனுக்கோ பிள்ளைக்கோ அண்ணன் தம்பிக்கோ ஒன்றை எடுத்துக் கொடுத்தவர்கள். இவர்களுக்கு ஃபைல் கிடையாது. ஃபைல் என்பது நோயாளிக்கு. இவர்களோ ஆரோக்கியமானவர்கள் என்று ஐந்து டாக்டர்கள் சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகுதானே கத்தியையே எடுத்தார்கள்? முதல் வருஷம் ஒரு பரிசோதனை. அதற்குப் பிறகு நலமக்காவின் ஃபோன். நோய் வந்து இழந்தவருக்கு ஸ்கேன், பாசத்தில் கொடுத்தவருக்குக் குசலம் என்று ஆஸ்பத்திரி பாகம் பிரித்து வைத்திருந்தது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று நலமக்காவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவளுக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரம் வேலை ஓடவில்லை, பறந்தது. சிறுநீரகப் பிரிவு தொடங்கிப் பத்து வருஷம் நிறைவு. அடுத்த திங்கட்கிழமை விழா. இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு அறுவைகள். 'நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் நலம்' என்று வாசலில் கட்டுகிற பெரிய துணிப் பலகை ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது. இனி அந்தத் தொண்ணூற்றெட்டுப் பேரைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"இந்த வருஷக் கணக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு வந்துடணும்" என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். பிரிவின் தலைவர் அவர். கத்தி பிடித்தால் கைதேர்ந்தவர், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தைத்து மூடிய பிறகு அந்த உடம்போடு அவருக்குப் பேச்சுவார்த்தை முடிந்துவிடும். "தொண்ணூத்தெட்டுக்குக் குறையக் கூடாது. கூடினா பரவாயில்லை."

புதன்கிழமை காலை நலமக்கா நூற்று நாற்பத்தேழாம் எண்ணுக்கு வந்தாள். பெண். ஒன்பது வருஷத்துக்கு முன்பு கணவருக்கு இடது சிறுநீரகம் கொடுத்தவள். அறுவை முடிந்த வருஷத்துக்கு ஒன்று, பிறகு நலமக்கா போட்டது ஏழு என்று எட்டு வருஷமும் நலம், நலம், நலம். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பட்டியலில் அவளுக்கு எதிரே இருந்த கணவரின் ஃபோன் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது.

கதவுக்கு வெளியேயும் மணி அடித்தது.

காரிடாரில் யாருக்கோ ஃபோன் வருகிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"ஹலோ?" என்றது கையில் இருந்த ஃபோன். "ஹலோ?" என்றது காரிடார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். உங்க சம்சாரம் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா, நல்லா இருக்கா. அவளுக்கென்ன, ராஜாத்தி!"

இரண்டு காதிலும் ஒரே குரல், ஒரே ராஜாத்தி. பழக்க தோஷத்தில் நலமக்காவின் விரல் 'நலம்' கட்டத்தைத் தொட்டுவிட்டது. ஃபோனை வைக்கும்போதுதான் கை நின்றது. நாற்காலியை விட்டு எழுந்து, படிவக் கட்டின் மேல் உயர்ந்து நின்ற திரைக்கு மேலாக எட்டி, ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள்.

பத்தடி தள்ளி ஒரு பெஞ்சு. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஃபோனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவரை நலமக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கே தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். விழா மேடையில் பேசப்போகிற முன்மாதிரி நோயாளி அவர்தான். இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை அழுத்தியே பழகிப்போன மனிதர். வீட்டிலும் அப்படித்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் பக்கத்தில் ஒரு பெண்மணி, மடியில் கனத்த ஃபைல், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஃபைல் அவருடையது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள். கழற்றாமல் என்ன செய்வாள், கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை எல்லோருக்கும் தெரியும். நெய்க்கு ஃபோன் போட்டு விசாரித்த கதை நலமக்காவுடையதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணவர் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெண்மணி அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பெஞ்சிலிருந்து பத்தடியில் நலமக்கா அவளைப் பற்றி அவள் கணவரிடம் ஃபோனில் கேட்டு, நலம் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். வெட்கம் காதுவரை ஏறியது அவளுக்கு.

சற்று நேரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்து பெரிய டாக்டரின் அறைக்குள் போனார். மேடையில் என்ன பேசுவது, எங்கே நிற்பது என்று ஒத்திகை. அவர் கதவைச் சாத்தியதும் நலமக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கால் எப்பேருந்துங்கம்மா இப்படி?"

பெண்மணி திடுக்கிட்டுப் புடவையை இழுத்துக் காலை மூடினாள். "அது சும்மாம்மா. நின்னுக்கிட்டே வேலை செய்யறேன் இல்ல. இவருக்கு ரத்தம் எடுத்தாச்சு, ரிப்போர்ட் வரணும். போன தடவை ஒண்ணு புள்ளி ஒண்ணு இருந்தது."

"எது?"

"கிரியாட்டினின். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ற நம்பர். ஒண்ணரைக்குள்ள இருந்தா நல்லதாம்." பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"உங்களுக்கு எவ்வளவு?"

"எனக்கா?" என்று அவள் சிரித்தாள். "எனக்கு எதுக்கும்மா? நான் கொடுத்தவதானே."

நலமக்கா அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு நர்ஸ் மேசைக்குப் போனாள். நர்ஸ் பிரஷர் பட்டையை அவள் கையில் சுற்றி அமுக்கிப் பார்த்து, இன்னொருமுறை அமுக்கிப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. "தலை வலிக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். "வலிக்கும். தைலம் தேச்சுக்குவேன்" என்றாள் பெண்மணி.

அடுத்து, சீட்டுப் போடுகிற கவுண்டர். அங்கே இருந்தவர் பெயரைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சீட்டுப் போட முடியாதுக்கா. 'உறுப்புக் கொடுத்தவர், ஆரோக்கியமானவர், நலம்'னு வருது. நலமா இருக்கறவங்களுக்கு டெஸ்ட் எழுத கம்ப்யூட்டர் விடாது."

"பிரஷர் நூத்தித் தொண்ணூறு இருக்கு!"

"எனக்குத் தெரியுது, அதுக்குத் தெரியலையே. யாரோ இன்னிக்குக் காலையிலதான் பத்து மணி எட்டு நிமிஷத்துக்கு 'நலம்'னு போட்டிருக்காங்க. இனிமே அடுத்த வருஷம்தான் மாத்த முடியும்."

அந்த யாரோ யார் என்று நலமக்கா சொல்லவில்லை. பதிவேடு சுத்தமாக இருக்கிறது என்று இரண்டு முறை பாராட்டுச் சான்றிதழ் வாங்கியவள் அவள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கேள்விப்பட்டிருக்கிறாள், அது குறுக்கே வந்து வழியை அடைக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கடைசியாக ரத்தம் எடுக்கிற ஜன்னல். அங்கே இருந்தவர் வழுக்கைத் தலை, ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி, யாரோடும் சண்டைக்குப் போகாதவர்.

"அண்ணே, இவங்களுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுக்கணும்."

"தாராளமா. நம்பர் சொல்லு. நம்பர் இல்லாத ரத்தத்தை மெஷின் துப்பிடும்."

நூற்று நாற்பத்தேழைச் சொன்னால் கம்ப்யூட்டர் மறுபடி விடாது என்று நலமக்கா தயங்கினாள். அப்போது பின்னாலிருந்து பெண்மணி, தண்ணீர் பட்டபாடாக, "ஏழாயிரத்து முந்நூத்திப் பன்னண்டு" என்றாள்.

அது கணவருடைய எண். ஒன்பது வருஷமாக எந்த ஜன்னலில் யார் என்ன கேட்டாலும் அவள் சொல்லிப் பழகிய எண் அது ஒன்றுதான். வழுக்கைத் தலைக்காரர் ஏற்கெனவே தட்டிவிட்டார். தப்பு என்று நலமக்காவுக்குத் தெரியும். சட்டப்படி தப்பு, முறைப்படி தப்பு, வேலைக்கே உலை வைக்கிற தப்பு. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். ரிப்போர்ட் வந்ததும் கையோடு வாங்கி, தனக்குத் தெரிந்த சின்ன டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு, பிறகு எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள்.

அந்தக் கணக்கில் அவள் விட்டது ஒன்று. ஒரே எண்ணில் இரண்டு ரத்தம் வந்தால் கம்ப்யூட்டர் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். அதோடு, சிறுநீரகம் வாங்கிக்கொண்டவர்களின் கிரியாட்டினின் இரண்டைத் தாண்டினால், யாரையும் கேட்காமல் பெரிய டாக்டரின் ஃபோனுக்கு அபாயச் செய்தி அனுப்பிவிடும். கொடுத்தவர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது, அதனால் கொடுத்தவர்களைப் பற்றியே எட்டு வருஷம் எழுதிய நலமக்காவுக்கு அது தெரியவும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, பெரிய டாக்டரின் அறையில் டிரைவிங் ஸ்கூல்காரர் மூன்றாம் முறையாக, "இன்று நான் உங்கள் முன் நிற்கிறேன் என்றால்..." என்று தொடங்கியபோது ஃபோன் அலறியது. ஏழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு, கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஏழு.

அப்புறம் நடந்ததை ஆஸ்பத்திரி வெகுநாள் பேசியது. உங்கள் முன் நின்றவரை உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தவரைப் படுக்கவைத்தார்கள். மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளுகிறது, உடனே பெரிய மருந்து ஏற்ற வேண்டும் என்று பெரிய டாக்டர் காரிடாரில் நின்று கத்தினார். தள்ளுவண்டி வந்தது. மூன்று நர்ஸ்கள் அரக்கப் பரக்க ஓடிவந்தார்கள். மயக்க மருந்து டாக்டர், ஸ்கேன் எடுப்பவர், மேடை அலங்காரத்துக்கு வந்த ஃபோட்டோகிராபர் உட்பட பதினோரு பேர் அந்தத் தள்ளுவண்டியைச் சுற்றி ஓடினார்கள். பின்னால், வீங்கிய காலோடு, செருப்பைப் பெஞ்சடியிலேயே விட்டுவிட்டு, ஃபைலை மார்போடு அணைத்தபடி, "என்னங்க... என்னங்க..." என்று அழுதுகொண்டே அந்தப் பெண்மணி ஓடினாள். நூற்றுத் தொண்ணூறு பிரஷரோடு.

சத்தம் கேட்டு வெளியே வந்த நலமக்காவுக்கு அரை நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் ஒரு நோயும் இல்லாத மனிதருக்குக் கனமான மருந்து ஏறும், நோயுள்ளவள் படியேறி ஓடியே விழுந்துவிடுவாள். அவளும் ஓடினாள்.

தீவிரப் பிரிவின் கதவைத் தள்ளியபோது நர்ஸ் ஊசியை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"போடாதீங்க! அந்த ரத்தம் அவரோடது இல்ல!"

பெரிய டாக்டர் திரும்பினார். "பின்ன யாரோடது?"

"அவர் சம்சாரத்தோடது. நான்தான் எடுக்க வெச்சேன். நம்பர் மாறிப்போச்சு. அவர் ரிப்போர்ட் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு, ரத்த ஜன்னல்ல நானே பார்த்தேன், ஒண்ணு புள்ளி ஒண்ணு."

ஒரு கணம் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து விட்டார்கள்.

"அப்பாடா" என்றார் பெரிய டாக்டர், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி. ஊசி தட்டுக்குத் திரும்பிப் போனது. மயக்க மருந்து டாக்டர் சிரித்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்து, முதல் காரியமாக மகளுக்கு ஃபோன் போட்டார். "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதே! அப்பாவுக்கு இல்லையாம். அம்மாவோட ரத்தமாம். ஆமா, ஆமா, எல்லாரும் நல்லா இருக்கோம்."

இவர்களையெல்லாம் விட்டுவிடலாம். சுவரில் சாய்ந்து நின்ற அந்தப் பெண்மணி நெஞ்சில் கைவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர, "கடவுள் காப்பாத்தினார். இவருக்கு ஒண்ணும் இல்ல" என்றாளே, அதைத்தான் நலமக்காவால் தாங்க முடியவில்லை.

இரண்டு நிமிஷத்துக்கு முன்பு பதினோரு பேரை ஓடவைத்த அதே இரண்டு புள்ளி ஏழு அங்கே தாளில் அப்படியே கிடந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுப்பவர் போனார், நர்ஸ்கள் போனார்கள், தள்ளுவண்டி போனது. ஃபோட்டோகிராபர் மட்டும் போகும் முன்பு, கணவர் மனைவி சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். நன்றாக வந்திருக்கும், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சின்ன டாக்டரம்மா மட்டும் நின்றாள். படிப்பு முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது, இன்னும் தாளைப் படிக்கிற பழக்கம் விடவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள்.

"டாக்டர், ஒரே ஒரு கிட்னி வெச்சிருக்கறவங்களுக்கு இது ரெண்டு புள்ளி ஏழு. பிரஷரால வந்த மாதிரி இருக்கு. இன்னிக்கே பிரஷரை அடக்கிட்டு, சிறுநீர் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பார்த்தா இருக்கறதைக் காப்பாத்தலாம். பல வருஷம் ஓட்டலாம். விட்டா, ஒரு வருஷத்துல இவங்களும் டயாலிசிஸ் மெஷின்லதான்."

பெரிய டாக்டர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நலமக்காவைப் பார்த்தார்.

"பார்க்கலாம், பார்க்காம விட்டுடுவோமா? திங்கட்கிழமை விழா முடியட்டும். சட்டப்படி அவங்க நம்ம பேஷன்ட் இல்லையே. அவங்களே நல்லா இல்லன்னு இப்ப எழுதினா, மேடையில அவங்க புருஷன் என்ன பேசறது? அதுவரைக்கும் 'தொடர்பில் இல்லை'ன்னு மாத்திப் போட்டுடு. அதுக்கு நான் அனுமதி தர்றேன்."

"தொடர்புலதான் டாக்டர் இருக்காங்க" என்றாள் நலமக்கா. "ஒன்பது வருஷமா நம்ம வாசல் பெஞ்சுல இருக்காங்க. நாமதான் தொடர்புல இல்ல."

"ரத்தத்தை மாத்தினதுக்கு உனக்கு மெமோ வரும்."

"வரட்டும். வாங்கிக்கறேன்."

அவர் போய்விட்டார். சின்ன டாக்டரம்மா பிரஷருக்கு மாத்திரை எழுதி, தானே மருந்தகத்துக்குப் போனாள். முறைப்படி வார்டில் சேர்க்க வேண்டுமென்றால் காகிதம் வேண்டும், காகிதம் என்றால் அந்தப் படிவம்தான், நலமில்லை என்ற பேச்சுக்கு இந்த ஆஸ்பத்திரியில் வேறு வாசல் இல்லை. "நீங்க நிரப்புங்கக்கா, முதல் கையெழுத்து என்னோடது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நலமக்கா பெண்மணியைத் தன் அறைக்குக் கூட்டிவந்து, மூலையிலிருந்த சக்கர நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்தாள். எட்டு வருஷத்தில் அந்த ஆசனத்துக்கு முதல் விருந்தாளி. பிறகு திரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டை உருவினாள். திரை பொத்தென்று தாழ்ந்தது. தாழ்ந்த திரைக்கு மேலே, உட்கார்ந்த இடத்திலிருந்தே, கண்ணாடிக்கு அப்பால் பெஞ்சும் அதன் அடியில் ஒரு ஜோடிச் செருப்பும் தெரிந்தன. கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் வாசலில் வந்து நின்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த ஃபைல் அவர் கையில் இருந்தது. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவ ஒருநாளும் சொன்னதே இல்லையே" என்றார். கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை அது, அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது. தன் கிரியாட்டினினைப் புள்ளியோடு சொல்லத் தெரிந்தவருக்கு, அவளுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

"நானும் கேக்கலைங்க" என்றாள் நலமக்கா. "ஏழு வருஷம் உங்களையே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பேனாவைத் திறந்து முதல் பக்கத்தை விரித்தாள். "நம்பர் சொல்லுங்கம்மா."

"ஏழாயிரத்து முந்நூத்தி..."

"அது அவரோடது. உங்களுக்கு நூத்தி நாப்பத்தேழு."

"நூத்தி நாப்பத்தேழு" என்று பெண்மணி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தனக்கு ஒரு எண் இருப்பது அவளுக்குப் புதுச் செய்தி.

அடுத்த கேள்வி, எட்டு வருஷமாக நலமக்கா ஃபோனில் கேட்கிற கேள்விதான். அச்சிட்ட எழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்தாள். "நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இரு..." என்றது வாசல். பாவம், அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது, வலது கால்கூடத் தரையில் தானாக அழுந்தியது.

பெண்மணி திரும்பிப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. "கொஞ்சம் சும்மா இருங்க. என்னைத்தானே கேக்கறாங்க?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் மடியில் ஃபைல் இல்லாத தன் கைகளை ஒருமுறை பார்த்தாள், பிறகு தன் கால்களை.

"நல்லா இல்லம்மா" என்றாள். "ரெண்டு வருஷமாவே நல்லா இல்ல. எழுதிக்கறீங்களா? முதல்ல, ராத்திரி படுத்தா மூச்சு வாங்கும்..."

நலமக்கா எழுத ஆரம்பித்தாள். நலமில்லை என்று சொல்ல எதற்குப் பதினோரு பக்கம் என்று எட்டு வருஷமாகச் சலித்துக்கொண்டிருந்தவள் அவள். அன்றைக்குப் பதினோரு பக்கம் போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதினாள்.